கான்டெம்ப்ளேஷன் பலகைக்குப் பின்னால்

மலையடிவாரத்திலிருந்து சின்னமனூர் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன். பை கனக்கவில்லை. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு சில்வர் டம்ளர். இடது செருப்பின் வார் அறுந்துபோய்ச் சணலால் கட்டியிருந்தேன். அது நாலு எட்டுக்கு ஒரு தரம் அவிழ்ந்தது. மத்தியான வெயிலில் தார் இளகி, செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

வேலை போன பிறகு முதல் ஒரு மைலுக்கு நான் எப்போதும் வேகமாக நடப்பேன். திரும்பக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று ஒரு பயம். யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்த பிறகு நடை சாதாரணமாகிவிடும்.

கூடலூரில் முட்டைக்கோஸ் மண்டியை விட்டு வந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "இந்த ஆள் எந்த வேலையிலிருந்தாவது மரியாதையாக வெளியே வந்ததுண்டா?" என்று கேட்டதாக ஆசிரியர் சொன்னார். உண்டு. இதுதான் அது. என்னை வேலையை விட்டு நீக்கியபோது ஒரு குடும்பமே கூடி நின்று கேட்டது. ஒரு பல்லியும் சாட்சி சொன்னது.

அண்ணாச்சி வாங்கிய சொல்

தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தவர் தேவசகாயம் அண்ணாச்சி. லாரியிலிருந்து கம்பிக்கட்டும் தகரமும் இறங்குகிற சத்தத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர். வயதான காலத்தில் அவர் அமைதிக்கு ஆசைப்பட்டதில் தப்பில்லை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் நிலம் வாங்கி, ஒரு ஹாலும் சில அறைகளும் கட்டினார். ஹால் தாழ்வாரத்தில் ஒரு தேக்குப் பலகை. அதில் ஒரே ஒரு சொல்: கான்டெம்ப்ளேஷன்.

அக்கம்பக்கத்தில் அது கிரானைட் கம்பெனி என்று கொஞ்ச நாள் நினைத்தார்கள். கல் வெட்டும் சத்தம் கேட்காததால் கம்பெனி நஷ்டத்தில் ஓடுவதாகவும் முடிவு செய்தார்கள்.

சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். போனை வாங்கி வைத்துவிடுவோம். பேசக் கூடாது. ஹாலில் பாய் விரித்துக் கண்ணை மூடி உட்கார வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் மெல்லிய மணி. முடியும்போது பெரிய மணி. பெரிய மணி கேட்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது. யாராக இருந்தாலும், அண்ணாச்சியே ஆனாலும்.

அந்த மணி நான்தான். வேப்பமரத்தில் தொங்கிய வெண்கல மணியின் கயிறு என் கையில் இருந்தது. பாத்திரம் கழுவுவது, பாய் உதறுவது, ஹாலில் பல்லி சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் கூடுதல் வேலை.

சனிக்கிழமை காலை அண்ணாச்சி வந்தவர்களுக்கு அந்தச் சொல்லைப் பற்றிப் பேசுவார். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். என்றாலும் அத்தனை சனிக்கிழமை கேட்டதில் எனக்கு மனப்பாடம்.

"ஒரு நெலத்தை வாங்குனா மூலப்பத்திரம் பாக்குறோம்ல? ஒரு சொல்லை வாங்குனாலும் பாக்கணும்" என்று ஆரம்பிப்பார்.

மூலப்பத்திரம் ரோமாபுரியில் இருந்தது. அங்கே குறி பார்க்கிறவன் ஒருவன் இருந்தான். ஊருக்கு ஒரு பெரிய காரியம் என்றால், படையெடுப்போ பதவியேற்போ, முதலில் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் நுனி வளைந்த குச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி, வானத்தில் ஒரு கட்டம் போடுவான். இங்கிருந்து இதுவரை, அங்கிருந்து அதுவரை. அந்தக் கட்டத்துக்கு டெம்ப்ளம் என்று பேர். கட்டத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குள் பறவை வர வேண்டும். எந்தப் பறவை, எந்தப் பக்கம் என்று பார்த்துப் பலன் சொல்வான்.

"நமக்கு வலது ராசி. அவனுக்கு இடது ராசி" என்பார் அண்ணாச்சி. வந்தவர்கள் சிரிப்பார்கள்.

பிறகு அந்தக் கட்டம் வானத்திலிருந்து தரைக்கு இறங்கியது. சுவர் எழுப்பினார்கள், டெம்பிள் ஆயிற்று. அந்த உட்கார்ந்து பார்க்கிற வேலை சந்நியாசிகள் கைக்குப் போனது. அவர்கள் வானத்தை விட்டுவிட்டு உள்ளே பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் இங்கிலீஷ்காரன் கைக்கு வந்தபோது, பேசாமல் உட்கார்ந்து யோசிப்பது என்ற அளவில் நின்றது.

"கைமாறிக் கைமாறி நம்மகிட்ட வந்திருக்கு. வில்லங்கம் இல்லாத சொத்து" என்று முடிப்பார். உடனே நினைவு வந்தவராக, "ஆனா ஒண்ணு. இந்தப் பறவை பாக்குறது, சகுனம் பாக்குறது எல்லாம் மூடநம்பிக்கை. அதையெல்லாம் தாண்டித்தான் நாம இங்கன வந்து உக்காந்திருக்கோம்" என்பார்.

அவர் அப்படிச் சொல்கிற பல சனிக்கிழமைகளில், காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் தரையில் பேசாமல் உட்கார்ந்து ஒரு சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும். நான் நின்ற வேப்பமர மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் தெரியும். மணி அடிப்பவனை மேட்டில் நிறுத்தினால் அப்படித்தான்.

இஸ்திரி போட்ட 'முடியாது'

அந்தச் சொல் எனக்கு அண்ணாச்சியிடம்தான் முதலில் அறிமுகமானது என்று சொல்ல முடியாது. போடியில் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரித்துக்கொண்டிருந்த காலத்தில், என்னோடு அறையில் தங்கியிருந்தவர் ஒரு குமாஸ்தா. அவரைச் சஸ்பெண்டு செய்திருந்தார்கள். என்ன குற்றம் என்று கேட்டேன்.

"குத்தம் இன்னும் முடிவாகலப்பா. நடவடிக்கை எடுக்கலாமான்னு கான்டெம்ப்ளேட் பண்ணிக்கிட்டிருக்காகளாம். ஆர்டர்ல அப்படித்தான் போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"யோசிக்கிறாக."

"அவுக யோசிக்கிறதுக்கு நீங்க எதுக்கு வீட்ல உக்காரணும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றார்.

அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் டீக்கடை போட்டுவிட்டார். வடை நன்றாக இருக்கும்.

அண்ணாச்சிக்கும் இந்தப் பிரயோகம் பழக்கம்தான். பஜாரில் யார் வந்து எதைக் கேட்டாலும், "கான்டெம்ப்ளேட் பண்ணிட்டிருக்கேன்" என்பாராம். அது இஸ்திரி போட்ட 'முடியாது' என்று பஜாருக்கே தெரியும். மேலே கேட்க மாட்டார்கள்.

என் விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பெயர்கள் இருந்தன. ஏலக்காய் ஸ்டோரில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததற்குப் பராக்கு என்று பெயர். அதற்காகவே சீட்டைக் கிழித்தார்கள். பிறகு தேனி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அதற்குப் பசி என்று பெயர். கண்ணை மூடினால் பசி குறையும் என்று யாரோ சொன்னதை நம்பிச் செய்து பார்த்தேன். குறையவில்லை, எதிரே புரோட்டாக் கல்லில் கரண்டி கொத்துகிற சத்தம் மட்டும் கூடுதலாகக் கேட்டது.

அறை வாடகை கொடுத்து அதே காரியத்தைச் செய்ய வந்தவர்களிடம் இதை நான் சொன்னதில்லை. பேசக் கூடாது என்பது விதி.

சீலைக்காரியின் வலப்பக்கம்

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது சீலைக்காரி அம்மன் கோயில். கோயில் என்றால் ஆள் குனிந்து நுழைகிற கல் அறை. முன்னால் ஒரு பொட்டல். சுற்றுப்பட்டில் பல குடும்பங்களுக்கு அதுதான் குலசாமி. கல்யாணம் பேசுவதானால் அங்கே வந்து கவுளி கேட்காமல் பேச மாட்டார்கள். பல்லியைத்தான் சொல்கிறேன். சகுனம் சொல்லும்போது அதன் பெயர் கவுளி.

பூசாரி அகல் விளக்கு ஒன்றை ஏற்றி வைப்பார். குடும்பம் பேசாமல் உட்காரும். விளக்கு அணைவதற்குள் அம்மனின் வலப்பக்கத்திலிருந்து கவுளி சொன்னால் உத்தரவு. இடப்பக்கம் சொன்னாலோ, சொல்லாமலே விளக்கு அணைந்தாலோ உத்தரவு இல்லை. இருமல், தும்மலுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு. மணிச்சத்தம் மட்டும் ஆகாது. மணி கேட்டால் அம்மன் பூசைக்கு எழுந்துவிட்டாள் என்று அர்த்தம்; பூசை நேரத்தில் அவள் வழக்குக் கேட்க மாட்டாள். அந்த உட்காரல் வீண். ஒரு காரியத்துக்கு மூன்று உட்காரல்தான்.

முன்பெல்லாம் அம்மனின் வலப்பக்கம் இடிந்த கல்சுவரும் புதருமாக இருந்ததாம். பல்லிக்குப் பஞ்சமில்லை. அண்ணாச்சி அதைச் சுத்தம் செய்து ஹால் கட்டினார். பல்லிகள் டியூப் லைட்டுக்குக் குடிபோயின. அங்கே முட்டை ஓட்டைத் தொங்கவிட்டு விரட்டியது நான். எல்லாம் போய், ஒன்றே ஒன்று மட்டும் தாழ்வாரத்துப் பலகைக்குப் பின்னால் தங்கிவிட்டது. துடைப்பக் குச்சியை விட்டுக் குடைந்தும் வரவில்லை.

அண்ணாச்சி வந்த பிறகு சீலைக்காரி உத்தரவு கொடுப்பதே அரிதாகிவிட்டது என்று ஊரில் பேச்சு. பிடிக்காத சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க நினைத்த தகப்பன்மாருக்கு அதில் ஒரு வசதியும் இருந்தது.

அப்படி ஒரு தகப்பன் ஓடைப்பட்டிச் சுருளி. திராட்சைத் தோட்டக்காரர். அவர் மகள் ஈஸ்வரி தேனியில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை பார்த்தாள். குமுளி ரோட்டில் லாரி ஓட்டுகிற உத்தமபாளையத்துப் பையனைக் கட்டிக்கொள்வேன் என்றாள். பக்கத்துத் தோட்டக்காரர் மகனை மனதில் வைத்திருந்த சுருளி, சண்டை போடவில்லை. "அம்மா உத்தரவு கொடுத்தா எனக்கென்ன" என்று மட்டும் சொன்னார். முதல் உட்காரல் என் மணியில் போனது. இரண்டாவதும் என் மணியில் போனது. எனக்கு அப்போது அது தெரியாது.

மூன்றாவது உட்காரல்

அந்தச் சனிக்கிழமை அண்ணாச்சி உள்ளே ரோமாபுரியில் இருந்தபோது, கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

"அண்ணே, மணி அடிக்கிறது நீங்கதானா?"

"ஆமா."

"போன தடவையும் நீங்கதானா?"

"ஆமாத்தா."

"அதுக்கு முந்தின தடவையும்?"

"இங்கன மணிக்கு நான் ஒரே ஆளுதான்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். இது மூன்றாவது என்றாள். "இன்னைக்கு அடிக்காதீக" என்றாள்.

"அண்ணாச்சிகிட்ட கேட்டியா?"

"போன வாரமே கேட்டேன். கான்டெம்ப்ளேட் பண்ணிட்டிருக்கேன்னு சொன்னாக."

"அப்பக் கேக்காத மாதிரியே வச்சுக்க."

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

"அடிக்கலன்னா எனக்கு வேலை போயிரும்த்தா."

"அடிச்சீகன்னா எனக்குக் கல்யாணம் போயிரும். வேலை போனா வேற வேலை கெடைக்கும்ல?"

"மாப்பிள்ளையும் வேற கெடைப்பாக."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"அதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஹாலில் கண்களை மூடினார்கள். பொட்டலில் பூசாரி விளக்கை ஏற்றினார். நான் கயிற்றைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வேர்மேல் உட்கார்ந்தேன். பெரிய தர்மம் என்று நினைத்துச் செய்யவில்லை. இதுவரை பார்த்த எல்லா வேலையிலும் ஒன்றும் செய்யாமல் இருந்ததற்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஒன்றும் செய்யாமல் இருந்து ஒருவருக்கு உபகாரம் செய்யலாம் என்றால் விடுவானேன்.

முதல் மெல்லிய மணிக்கான நேரம் கடந்தது. அடுத்ததும் கடந்தது. பெரிய மணிக்கான நேரமும் வந்து போனது.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மரத்துப்போன காலை, கண்ணைத் திறக்காமலே கையால் தூக்கி இடம் மாற்றினார். பெங்களூர் அம்மாள் ஒருவருக்குக் கண்ணீர் வழிந்தது. அவர் பிறகு சமையல்காரரிடம், வாழ்க்கையிலேயே அப்படி ஓர் அனுபவம் கிடைத்ததில்லை என்று சொன்னாராம். ஒருவர் குறட்டை விட்டார். முன் வரிசையில் அண்ணாச்சியின் இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. விதி அவர் போட்டது. திறக்க முடியாது.

பொட்டலில் சுருளி முன்னால் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வலப்பக்கம் காதைக் கொடுத்திருந்தார்கள். ஈஸ்வரி குனிந்த தலை நிமிரவில்லை. எண்ணெய் இறங்கிக்கொண்டிருந்தது. சுவருக்கு இரண்டு பக்கமும் அப்படி ஓர் அமைதி அங்கே அதற்கு முன்னால் இருந்ததில்லை. அண்ணாச்சி கண்ணைத் திறந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார்.

திறந்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து, பலகைக்கு நேர் கீழே நின்றார். ஹாலில் பேசக் கூடாது என்பதால் அதுவரை அடக்கி வைத்திருந்தார்.

"ஏலே, மணி என்னாச்சு?"

"அடிக்கல அண்ணாச்சி."

"அதான் ஏன்னு கேக்கேன்."

நான் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். சுருளி திரும்பிப் பார்த்தார். விளக்கின் சுடர் திரியின் நுனிக்கு வந்து கிழிந்து கிழிந்து ஆடியது.

"நாளையிலருந்து நீ இங்கன வேலைக்கு வர வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

அவர் வாயை மூடுவதற்குள் பலகைக்குப் பின்னாலிருந்து கேட்டது. ச்சு, ச்சு, ச்சு. தெளிவாக, நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல்.

யாருக்குச் சொன்னது

"வலப்பக்கம். அம்மா சொல்லிட்டா" என்று பூசாரி குங்குமத் தட்டை எடுத்தார். அதற்குப் பிறகுதான் விளக்கு அணைந்தது.

சுருளி எழுந்தார். "தட்டைக் கீழ வைங்க சாமி. அது நமக்குச் சொன்னது இல்ல."

"வேற யாருக்கு?"

"அங்கன பெரியவர் பேசுனாக. பேசும்போது கவுளி சொன்னா அந்தப் பேச்சுக்குச் சாட்சி. அந்த ஆளுக்கு வேலை போனது உறுதின்னு சொல்லியிருக்கு. எம் மகளைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

வழக்கம் அப்படித்தான். மறுக்க முடியாது. பூசாரி தட்டோடு நின்றார். கூட்டம் முழுவதும் சுவர் ஓரம் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க பேசி முடிச்சப்பறம் சொல்லுச்சா, பேசும்போதே சொல்லுச்சா?" என்று பூசாரி கேட்டார்.

மூடநம்பிக்கையைத் தாண்டி வந்த அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம்னேன்ல, அந்த 'ம்'மோட சேந்து வந்துச்சு" என்றார். எடை விஷயத்தில் அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

"கேட்டீகளா?" என்றார் சுருளி.

ஈஸ்வரி முன்னால் வந்தாள். "அண்ணாச்சி, அவுகளைத் திரும்ப வேலைக்கு வச்சுக்கிருங்களேன். அப்ப அந்தப் பேச்சு பொய்யாயிரும். கவுளி பொய்க்குச் சாட்சி சொல்லாதுல்ல? அப்ப எனக்குச் சொன்னதுன்னுதான் ஆகும்."

கூட்டத்தில் "அதுவும் சரிதான்" என்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கலாம் போலிருக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி தாடையைத் தடவினார். எனக்குத் தெரிந்தவரை அவர் உண்மையிலேயே கான்டெம்ப்ளேட் பண்ணியது அப்போதுதான். வானத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுருளியிடம் திரும்பினார்.

"தோட்டக்காரரே, நீங்க கிரயம் பண்ணியிருக்கீகளா?"

"பண்ணியிருக்கேன்."

"முடிஞ்ச கிரயத்துக்கு மறுபடி யாராவது சாட்சி போடுவாகளா?"

"மாட்டாக."

"இவனுக்கு எப்ப வேலை போச்சு? நான் சொன்னப்பவா? இல்ல. மணி அடிக்காம இவன் கையைக் கீழ வச்சுக்கிட்டு உக்காந்தானே, அப்பவே போச்சு. நான் அதை வாயால சொன்னேன், அவ்வளவுதான். முடிஞ்சுபோன காரியத்துக்குக் கவுளி எதுக்குய்யா சாட்சி சொல்லணும்? அது நடக்கப்போறதுக்குத்தான சொல்லும்? நடக்கப்போறது இந்தப் புள்ள கல்யாணம்தான்."

சுருளி பூசாரியைப் பார்த்தார். பூசாரி, "ஞாயமாத்தான் சொல்றாக" என்றார்.

சுருளி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். "பூசுங்க சாமி" என்றார்.

ஈஸ்வரி நெற்றியில் குங்குமம் ஏறியது. அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். முகத்தை மறைத்துக்கொண்டதால் தெரியவில்லை. எனக்கு வேலை போனது இரண்டாவது முறையாக, இன்னும் பலமான காரணத்தோடு உறுதியானது. அண்ணாச்சிக்குத் தன் வாதத்தில் அவ்வளவு சந்தோஷம். என் கையைப் பிடித்து, "பாத்தியாலே, பத்திரம் மாதிரி பேசிட்டேன்ல?" என்றார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் நினைவு வந்தது. ஹாலில் அத்தனை பேரும் இன்னும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, மணியை அடிச்சுட்டுப் போகவா?"

"உனக்குத்தான் வேலை இல்லையே" என்று அவரே கயிற்றைப் பிடித்தார்.

வளைவு திரும்பும்போது மணிச்சத்தம் கேட்டது. பழக்கமில்லாத கை. நான்கைந்து தரம் அடித்துவிட்டார்.

ஓடைப்பட்டி வானம்

செருப்பு வாரை நான் மறுபடி கட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வேன் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஈஸ்வரி, "ஏறுங்கண்ணே" என்றாள். நடப்பதாகச் சொன்னேன். முன் சீட்டிலிருந்து சுருளி திரும்பாமலே, "ஏறச் சொல்றாள்ல" என்றார். ஏறினேன்.

வேனுக்குள் எல்லோரும் பேசினார்கள். காலையெல்லாம் அடக்கி வைத்தது. சின்னமனூர் தாண்டிய பிறகு சுருளி கேட்டார்.

"என்ன வேலை தெரியும்?"

"எல்லாத்துலயும் கொஞ்சம்."

"எதுலயும் நெலையா நின்னதில்லைங்கிற."

"ஆமா."

"எம் மருமகன் லாரிக்காரன். அவனும் நிக்க மாட்டான்." பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். "உக்காரத் தெரியுமா?"

"அது தெரியும்."

"பாத்தேன்" என்றார்.

அன்று அவர்கள் வீட்டில் சாப்பாடு. கறி எடுத்திருந்தார்கள். கல்யாண உத்தரவு வந்த வீட்டில் ஆளுக்கு அளந்தா போடுவார்கள்? மோட்டார் அறையில் படுக்கை.

காலையில் சுருளி என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல். கொத்துக்கொத்தாகப் பழுக்க ஆரம்பித்திருந்தது. பந்தலுக்கு மேலே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பரண். அவர் கீழே கிடந்த கொய்யாக் குச்சி ஒன்றை எடுத்தார். நுனி வளைந்திருந்தது. அதை வானத்தில் நீட்டினார்.

"அந்தா தெரியுதுல்ல தென்னை, அங்கனயிருந்து இந்தக் கரண்டு கம்பம் வரைக்கும். கீழ பந்தல், மேல அந்த ஒயரு. இதுக்குள்ள எது பறந்து வந்தாலும் உன் பொறுப்பு. அதுக்கு அங்கிட்டுப் போறது நம்மளுது இல்ல."

"வேற என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. போனைப் பாக்கக் கூடாது, பாட்டுக் கேக்கக் கூடாது. பேசாம உக்காந்து இதையே பாத்துக்கிட்டிருக்கணும். மைனா வரும், கிளி வரும். எடப்பக்கம் இருந்துதான் ஜாஸ்தி வரும்."

பழைய எண்ணெய்த் தகரம் ஒன்றையும் அந்தக் குச்சியையும் என்னிடம் கொடுத்தார். இரண்டடி போனவர் நின்று திரும்பினார்.

"இங்கன வந்தா அடிச்சிரணும். யோசிச்சுக்கிட்டு உக்காரக் கூடாது."

சரி என்று பரணில் ஏறினேன். மேகமலைப் பக்கம் வெயில் இன்னும் ஏறவில்லை. கட்டம் காலியாக இருந்தது. தென்னைக்கும் கம்பத்துக்கும் நடுவே நீலமாக, ஒன்றுமே இல்லாமல். நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் மைனா இடப்பக்கமிருந்து வந்தது. ரோமாபுரியில் அதற்கு நல்ல பலன் சொல்லியிருப்பார்கள். நான் தகரத்தை அடித்தேன்.